இரும்புக் கையை வரைந்த கைகள்

"மூத்த காமிக்ஸ் ரசிகர்கள் எல்லாரும் ஸ்பெயின் ஓவியர்கள் என்றாலே உருகுகிறீர்களே, அப்படி என்ன விசேஷம் அவர்களிடம்? மங்காவும் மார்வெலும் படித்து வளர்ந்த நான் யாரிலிருந்து தொடங்கலாம்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் விஷயம், ஸ்பானிய ஓவியம் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், உங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். உங்கள் அப்பாவோ மாமாவோ அந்த வயதில் கடையில் தொங்கிய அந்தப் புத்தகத்துக்காகக் காசு சேர்த்திருப்பார். அது ஆங்கிலக் கதை. 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற லண்டன் வாராந்தரியில் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்தது. எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். முதலில் கென் பல்மர், அப்புறம் டாம் டல்லி. ஆனால் வரைந்தவர் பார்சிலோனாக்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. நம் ஊரில் அந்தப் பெயர் தெரியாமலேயே ஒரு தலைமுறை அவருடைய கோடுகளில் கண் பழகியது. எங்களுக்கு அந்த ஓவியங்கள் மீது இருக்கும் பிரியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாயாவி கதை தெரியும்தானே? லூயி கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஓவியரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கதாநாயகனுக்கு முகமே இல்லை. கோபம், பயம், களைப்பு, தந்திரம் எல்லாவற்றையும் ஒரு கை மட்டுமே நடித்துக் காட்ட வேண்டும். பிளாஸ்கோ அதைச் செய்தார். கதவிடுக்கில் நுழையும்போது அந்த விரல்கள் தயங்குகின்றன, சுவிட்சை நோக்கிப் போகும்போது அவசரப்படுகின்றன, தொண்டையைப் பிடிக்கும்போது இறுகுகின்றன. மாயாவி முழுதாக மறைந்திருக்கும் கட்டங்களிலும் அவன் எங்கே நிற்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும். சுற்றியிருப்பவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், எந்த நாற்காலி சாய்கிறது என்பதை வைத்தே அந்த வெற்றிடத்துக்கு ஓர் உடம்பு வந்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். நடக்கவே முடியாத கதை இது. அதனாலேயே மற்ற எல்லாவற்றையும் அவர் அச்சு அசலாக வரைந்தார். டெலிபோன், மழைக்கோட்டு, லண்டன் தெரு விளக்கு, மின்சாரப் பெட்டி, போலீஸ்காரரின் தொப்பி என்று எதிலும் ஏமாற்று வேலை இல்லை. அந்த நிஜமான அறைக்குள் ஒரு கை மட்டும் மிதந்து வந்தால் நம்பாமல் என்ன செய்வது? முதல் கதையில் கிராண்டேல் நல்லவனும் இல்லை. விபத்துக்குப் பிறகு புத்தி பேதலித்துக் குற்றங்களில் இறங்குகிறான், பிறகுதான் உளவாளியாகத் திருந்துகிறான். பிளாஸ்கோ வரைந்த முகத்தில் அந்தக் கிறுக்கு கொஞ்சம் கடைசி வரைக்கும் தங்கியிருக்கும். எனக்கு மாயாவியைப் பிடித்ததே அதனால்தான். நேர்மையான நாயக முகம் என்றால் அத்தனை நாள் மனதில் நின்றிருக்காது. மாயாவிக்குப் பின்னாளில் வேறு ஓவியர்களும் வரைந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையே இருக்காது.

மாயாவியை வரையத் தொடங்கியபோது பிளாஸ்கோவுக்கு நாற்பத்து இரண்டு வயது. 1919-ல் பிறந்தவர். பதினாறு வயதிலேயே 'கூட்டோ' என்ற துணிச்சல்காரச் சிறுவனைப் படைத்துவிட்டார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 'சிக்கோஸ்' என்ற சிறுவர் இதழில் அந்தப் பையன் ஸ்பெயின் முழுக்கப் பிரபலமானான். மில்டன் கேனிஃப் என்ற அமெரிக்க ஓவியரின் பாதிப்பு அந்தப் பக்கங்களில் நன்றாகவே தெரியும். தூரிகையைத் தாராளமாக மையில் தோய்த்து, நிழலை ஒரே இழுப்பில் நிரப்புகிற பாணி அது. பிளாஸ்கோ அதோடு நிப்பின் மெல்லிய கோடுகளையும் சேர்த்துக்கொண்டார். வீடே ஓவியக்கூடம். தம்பிகள் அலெஹாந்த்ரோ, அத்ரியானோ, சகோதரி பிலார் என்று எல்லாருமே ஓவியர்கள், வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். 1995-ல் காலமானார்.

சரி, லண்டன் பத்திரிகைக்குப் பார்சிலோனாவில் ஏன் வரைந்தார்கள்? காரணம் காசு. உள்நாட்டுப் போர் 1939-ல் முடிந்தபோது ஸ்பெயின் நொடிந்து கிடந்தது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி, தணிக்கை, மோசமான காகிதம், பக்கத்துக்குக் கொடுத்த சொற்பக் கூலி. அதே சமயம் இங்கிலாந்தில் வாரா வாரம் டஜன் கணக்கில் சித்திரக்கதை இதழ்கள் வந்துகொண்டிருந்தன, வரைய ஆள் போதவில்லை. பவுண்டில் கிடைத்த கூலி ஸ்பானியப் பணமான பெசேட்டாவில் மாற்றும்போது பெரிய தொகையாகிவிடும். இந்த இரண்டு கரைக்கும் நடுவே பாலம் போட்டவர்கள் ஏஜென்சிக்காரர்கள். ஜோசெப் டூட்டெய்ன் பார்சிலோனாவில் நடத்திய 'செலெக்சியோனெஸ் இலுஸ்த்ராதாஸ்' அதில் முக்கியமானது. 'பார்டன் ஆர்ட்' என்று இன்னொன்று, பார்சிலோனாவையும் லண்டனையும் இணைத்தது. கதை லண்டனிலிருந்து தபாலில் வரும், மொழிபெயர்த்து ஓவியரிடம் கொடுப்பார்கள், முடித்த பக்கங்கள் தபாலில் திரும்பிப் போகும். இங்கிலாந்தையே பார்க்காத இளைஞர்கள் லண்டன் தெருக்களை வரைந்தார்கள்.

பையன்கள் படிக்கிற சாகசக் கதைகள் மட்டும் இல்லை. ஆங்கிலப் பெண்கள் படித்த காதல் சித்திரக்கதை வாராந்தரிகளில் பெரும்பகுதி ஸ்பானியர்கள் வரைந்ததுதான். ரசிகர்கள் இந்தக் காதல் கதைகளைப் பொருட்படுத்துவதில்லை, அது சரியில்லை என்பது என் கருத்து. அழுகையை அடக்கும் முகம், திரும்பிப் பார்க்காமல் நடக்கும் ஒருத்தி, காற்றில் கலைந்த கூந்தல், பட்டுத் துணியின் மடிப்பு, காப்பிக் கடையில் எதிரெதிரே இருவர் என்று வாரத்துக்கு வாரம் இதையே வரைந்து பழகினால் கை என்ன ஆகும்? ஸ்பானிய ஓவியர்களின் பெண்கள் அத்தனை உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்தப் பயிற்சி. யுத்தக் கதைகள் அவர்களுக்கு டாங்கியையும் விமானத்தையும் கற்றுக் கொடுத்தன, வெஸ்டர்ன் கதைகள் குதிரையைக் கற்றுக் கொடுத்தன. காதல் கதைகள் முகத்தைக் கற்றுக் கொடுத்தன.

இவ்வளவு செய்தவர்களின் பெயர் எங்கும் அச்சாகவில்லை. பெரும்பாலான பிரிட்டிஷ் வாராந்தரிகள் அந்தக் காலத்தில் எழுத்தாளர், ஓவியர் யார் பெயரையும் போடுவதில்லை. ஓவியர் மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் வெள்ளை பூசி மறைப்பார்கள். மூலப் பக்கங்கள் பதிப்பகத்திடமே தங்கிவிடும், அதில் எத்தனையோ அழிந்து போயின. 1977-ல் '2000 ஏடி' என்ற இதழ் வந்த பிறகுதான் பெயர் போடும் வழக்கம் அங்கே வேரூன்றியது. லண்டன் வாசகனுக்கே பிளாஸ்கோ யாரென்று தெரியாதபோது சிவகாசி வழியாகப் படித்த நமக்கு எப்படித் தெரியும்? எங்கள் தலைமுறை ரசிகர்கள் பலர் பின்னாளில் உட்கார்ந்து தேடித் தேடித்தான் இந்தப் பெயர்களைக் கண்டுபிடித்தோம். பெயர் தெரிந்த பிறகு பழைய புத்தகத்தை எடுத்தால் அது வேறு புத்தகமாகத் தெரிகிறது. இந்த நிழல் பிளாஸ்கோவுடையது, இந்தக் குதிரை (பின்னால் சொல்லப்போகும்) ஓர்டிஸுடையது என்று கண் தானாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அடுத்து மாடஸ்டி பிளைஸி என்ற சாகச நாயகி. 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் அவர்தான் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். பீட்டர் ஓ'டோனல் எழுதி 1963-ல் லண்டன் நாளிதழில் தொடங்கிய தினசரிச் சித்திரத் தொடர் அது. முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே என்ற ஆங்கிலேயர். 1970-ல் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் திடீரென்று இறந்துபோக, அந்தக் கதையின் நடுவிலிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டவர் என்ரிக்கே பாதியா ரொமேரோ, இவரும் பார்சிலோனா. 1978 வரைக்கும் வரைந்தார், இடையில் வேறு சிலர் வரைந்தார்கள், 1986-ல் திரும்பி வந்து 2001-ல் தொடர் முடியும் வரைக்கும் அவர்தான். ஹோல்டவேயா ரொமேரோவா என்று ரசிகர்கள் இன்னமும் சண்டை போடுகிறோம். என்னைக் கேட்டால், அறையின் சூழலும் நகரத்தின் புழுதியும் ஹோல்டவேயிடம் அதிகம். மாடஸ்டி ஒரு சண்டைக்குள் இறங்கும் விதம், உடம்பின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் அந்த நொடி, அதில் ரொமேரோவை மிஞ்ச ஆளில்லை. 2024-ல், தொண்ணூறு தாண்டிய வயதில் அவர் மறைந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் டூட்டெய்ன் தன் ஓவியர்களை அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார். ஜேம்ஸ் வாரன் நடத்திய 'க்ரீப்பி', 'ஈரி', 'வாம்பிரெல்லா' என்ற திகில் இதழ்கள் கருப்பு வெள்ளையில் வந்தன. 1971-லிருந்து அதில் ஸ்பானிய அலை அடித்தது. வாம்பிரெல்லா என்ற ரத்தக்காட்டேரி நாயகிக்கு இன்று எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் முகத்தைக் கொடுத்தவர் பெப்பே கொன்சாலெஸ், காதல் கதைகளிலேயே ஊறி வந்தவர். எஸ்தெபான் மரோத்தோ பக்கத்தின் கட்டங்களையே கரைத்துவிட்டு உருவங்களை ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட்டார். அலங்காரம் கொஞ்சம் அதிகம்தான், கதை எங்கே போகிறது என்று சில பக்கங்களில் தேட வேண்டியிருக்கும், ஆனாலும் பார்க்க அத்தனை அழகு. ரெட் சோன்யா என்ற வாள்வீராங்கனையின் புகழ்பெற்ற உலோக உடை 1974-ல் அவர் வரைந்த படத்திலிருந்து வந்ததுதான். ஹொசே ஓர்டிஸ் வாரன் இதழ்களுக்கு நூற்றுக்கும் மேல் கதைகள் வரைந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

கார்லோஸ் எஸ்கேர்ராவைச் சொல்லாமல் போனால் உங்களைப் போன்ற மார்வெல் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஜட்ஜ் டிரெட் படம் பார்த்திருப்பீர்கள். ஜான் வாக்னர் எழுத, அந்த ஹெல்மெட்டையும் தோளில் கழுகையும் சங்கிலியையும் வடிவமைத்தவர் எஸ்கேர்ரா, சரகோசா பக்கத்துக்காரர். எழுத்தாளர் மனதில் இருந்ததைவிட ஜோடனை அதிகம் என்று முதலில் வாக்னருக்கே தயக்கம். ஃபிராங்கோவின் ஸ்பெயினில் வளர்ந்த ஒருவர், நீதிபதியும் போலீஸும் தண்டனை நிறைவேற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கும் ஒருவனை வரையும்போது அந்தச் சீருடையில் கழுகு வந்து உட்கார்ந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. டிரெட்டின் முதல் கதை 1977-ல் அச்சானபோது அதை வரைந்தது வேறொருவர். எஸ்கேர்ரா மனம் வெறுத்து விலகிப் போனார், பிறகு திரும்பி வந்து 1982-ல் 'அப்போகலிப்ஸ் வார்' என்ற நீண்ட தொடர் முழுவதையும் தனியாக வரைந்தார். உருவங்களின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு ஓடும், அதை வைத்தே அவரை அடையாளம் கண்டுபிடிக்கலாம். 2018-ல் காலமானார்.

இதுவரைக்கும் சொன்னவர்கள் எல்லாம் அடுத்தவர் கதைக்கு வரைந்தவர்கள். தன் சொந்தக் கதையை வரைந்த ஒருவரிடம் இப்போது வருகிறேன். என் மனதுக்கு மிக நெருக்கமான ஸ்பானிய ஓவியர் அவர்தான், கார்லோஸ் ஹிமேனெஸ். 1941-ல் மாட்ரிட்டில் பிறந்தார். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், அம்மாவுக்குக் காசநோய். பையனை 'அவுக்ஸிலியோ சொசியல்' என்ற அரசு விடுதிகளில் விட்டார்கள். போருக்குப் பிறகு ஃபிராங்கோ அரசு ஆதரவற்ற குழந்தைகளுக்காக நடத்திய விடுதிகள் அவை. பசி, தாகம், பிரம்படி, ராணுவ ஒழுங்கு, ஓயாத ஜெபம். அங்கே இருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே சொர்க்கம் கிழிந்த சித்திரக்கதைப் புத்தகங்கள். வளர்ந்து ஏஜென்சி ஓவியராகி, ஊருக்கெல்லாம் சாகசக் கதை வரைந்த பிறகு, எழுபதுகளின் நடுவில் அந்த விடுதி வாழ்க்கையையே 'பாராகுவெய்யோஸ்' என்ற பெயரில் வரைய ஆரம்பித்தார்.

அந்தப் பக்கங்களை நீங்கள் பார்க்க வேண்டும். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரே அளவில், பக்கம் முழுக்க நெருக்கமாக. எந்தப் பெரிய காட்சிக்கும் அவர் பெரிய கட்டம் கொடுப்பதில்லை. மூச்சு முட்டும், அதுதான் அவர் வேண்டியதும். பிள்ளைகளுக்குப் பெரிய தலை, ஒட்டிய கன்னம், முகத்தில் பாதி அளவுக்குக் கண்கள். கேலிச்சித்திரம் மாதிரிதான் தொடங்கும், நாலாவது கட்டத்தில் நெஞ்சை அடைக்கும். ஒரு துண்டு ரொட்டிக்காக ஒரு பையன் இன்னொரு பையனிடம் என்னென்ன செய்யத் துணிகிறான் என்பதைக் கண்ணை மூடாமல் வரைந்திருக்கிறார். யாரையும் குற்றம் சாட்டிச் சொற்பொழிவு கிடையாது. ஸ்பெயினில் முதலில் பெரிய வரவேற்பு இல்லை. பிரான்சில் 'ஃப்ளூயிட் கிளாசியல்' இதழ் வெளியிட்ட பிறகுதான் கவனம் திரும்பியது. இன்று ஸ்பெயினின் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வரலாற்று நூல்களோடு சேர்த்து இதையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஹிமேனெஸ் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். பார்சிலோனா ஏஜென்சியில் வேலை செய்த அந்த இளம் ஓவியர்களின் வாழ்க்கையை 'லோஸ் புரொஃபெஸியோனாலெஸ்' என்று தொடராக வரைந்தார். ஒரே கூடத்தில் மேசை மேசையாக உட்கார்ந்து ஆங்கிலக் காதல் கதை வரைகிறார்கள், கெடு நெருங்கும்போது ஒருவர் பக்கத்தை இன்னொருவர் முடித்துக் கொடுக்கிறார்கள், நாள் முழுக்க அரட்டையும் கலாட்டாவும். பெயர் போடப்படாத அந்தத் தலைமுறைக்கு ஒரு முகம் கிடைத்தது இதனால்தான். பின்னாளில் பெப்பே கொன்சாலெஸின் வாழ்க்கையையும் 'பெப்பே' என்று ஐந்து பாகங்களாக வரைந்து முடித்தார். ஓர் ஓவியர் தன் சக ஓவியருக்கு இப்படிச் செய்வது அபூர்வம்.

1975 நவம்பரில் ஃபிராங்கோ இறந்தார். அடக்கி வைத்ததெல்லாம் அடுத்த சில வருடங்களில் பத்திரிகைகளாக வெளியே வந்தது. டூட்டெய்னே '1984' என்ற இதழையும் ஸ்பானிய 'க்ரீப்பி'யையும் தொடங்கினார். 'எல் விபொரா', 'சிமோக்', 'கைரோ' என்று வரிசையாக வந்தன. முதல்முறையாக ஸ்பானிய ஓவியர்கள் தங்கள் நாட்டுப் பெரியவர்களுக்காக, தங்கள் பெயரில், தங்கள் இஷ்டத்துக்கு வரைந்தார்கள். அந்தக் காலத்தின் உச்சம் என்று நான் சொல்வது ஜோர்டி பெர்னெட் வரைந்த 'டோர்பீடோ 1936'. என்ரிக்கே சான்செஸ் அபுலி எழுதியது. லூக்கா டோரெல்லி என்ற கூலிக் கொலைகாரனின் கதை, முப்பதுகளின் நியூயார்க். முதல் இரண்டு கதைகளை வரைந்தவர் அலெக்ஸ் டோத், கருப்பு வெள்ளையில் அமெரிக்காவின் மேதை. கதையின் குரூரமும் நகைச்சுவையும் அவருக்கு ஒத்துவரவில்லை, விலகிவிட்டார். டோத் விட்ட இடத்தில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? பெர்னெட் உட்கார்ந்தார், ஒரு தசாப்தத்துக்கும் மேல் எழவில்லை.

பெர்னெட் ஓவியரின் மகன். அப்பா மிகெல் பெர்னெட் வரைந்த நகைச்சுவைத் தொடரை, 1960-ல் அவர் இறந்தபோது, குடும்பத்துக்காகப் பதினைந்து வயதில் எடுத்து நடத்தினார். அவருடைய பக்கத்தில் கோடுகள் மிகக் குறைவு. ஒரு தொப்பியின் விளிம்பு, அதற்குக் கீழே முழு இருட்டு, இருட்டுக்குள் சிகரெட் முனை. மூக்குக்கும் தாடைக்கும் மட்டும் வெளிச்சம். மற்றதை நம் கண்ணே வரைந்துகொள்ளும். பத்துக் கோடு போட வேண்டிய இடத்தில் ஒரு தூரிகை இழுப்பு, ஆனால் அந்த இழுப்பு துல்லியமான இடத்தில். ஒரு எச்சரிக்கை: டோர்பீடோ வயது வந்தவர்களுக்கான கதை. பெண்கள் மீதான வன்முறையைச் சிரிப்பாக்கும் இடங்கள் அதில் உண்டு, எனக்கு அவை பிடிக்காது. ஓவியத்துக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், சில கதைகளை மட்டும் தாண்டிப் போய்விடுவேன்.

அந்தப் பத்திரிகைகள் நீடிக்கவில்லை. எண்பதுகளின் முடிவில் விற்பனை சரிய, ஒவ்வொன்றாக மூடினார்கள். ஓவியர்கள் மறுபடியும் வெளிநாட்டைத் தேடினார்கள். இந்த முறை இத்தாலி. நம் வாசகர்களுக்குப் பழக்கமான இத்தாலியக் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு ஸ்பானிய ரத்தம் ஏறியது இப்படித்தான். டெக்ஸை வெளியிடும் போனெல்லி நிறுவனம் 1988-ல் தொடங்கிய பெரிய அளவு டெக்ஸ் சிறப்பிதழ்களைத் தொண்ணூறுகளில் வரைந்தவர்களில் விக்தோர் தெ லா ஃபுவெந்தே, ஹொசே ஓர்டிஸ், பெர்னெட், அல்ஃபோன்சோ ஃபோன்ட் எல்லாரும் உண்டு. அதில் ஓர்டிஸும் ஃபோன்ட்டும் டெக்ஸின் நிரந்தர ஓவியர்களாகவே ஆகிவிட்டார்கள்.

ஓர்டிஸிடம் திரும்ப வருகிறேன் என்று சொன்னேன். 1932-ல் கார்தஹேனாவில் பிறந்தவர், ஸ்பெயினின் வறண்ட தென்கிழக்கு அது. பக்கத்து அல்மெரியா பாலைவனத்தில்தான் அறுபதுகளில் இத்தாலிய கௌபாய் படங்களை எல்லாம் எடுத்தார்கள். ஓர்டிஸின் வெஸ்டர்ன் பக்கங்களில் வரும் புழுதியும் வெடித்த மண்ணும் புகைப்படம் பார்த்து வரைந்தது போல இருக்காது, அந்த வெயிலில் நின்றவர் வரைந்தது போல இருக்கும். கோடுகள் கரடுமுரடு. அவசரத்தில் கிறுக்கியது போலத் தெரியும், ஆனால் ஒரு கோடு கூட வீண் இல்லை. அவர் வரைந்த குதிரைக்குக் களைப்பு தெரியும், மனிதர்களின் சட்டைக்கு அழுக்கு தெரியும். அந்தோனியோ செகுரா எழுத, 1981-ல் தொடங்கிய 'ஓம்ப்ரே' அவருடைய ஆகச் சிறந்த படைப்பு. நாகரிகம் அழிந்த பிறகு ஒரு முரட்டு மனிதன் உயிர்வாழ அலைகிற கதை. பின்னாளில் செகுராவும் டெக்ஸுக்குக் கதை எழுதினார். 2013-ல் ஓர்டிஸ் காலமானார். உங்கள் வீட்டில் இருக்கும் டெக்ஸ் புத்தகங்களில் ஓவியர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஓர்டிஸ் என்று இருந்தால் கதையைப் படிக்குமுன் ஒருமுறை படங்களை மட்டும் புரட்டுங்கள்.

நகைச்சுவைப் பக்கமும் ஸ்பெயினில் பெரியது. பிரான்சிஸ்கோ இபான்யெஸ் 1958-ல் தொடங்கிய 'மோர்தாதெலோ இ ஃபிலெமோன்' அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர், 2023-ல் அவர் இறக்கும் வரைக்கும் வரைந்தார். அதை வெளியிட்ட புருகெரா பதிப்பகம் பாத்திரங்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1957-ல் அதன் முன்னணி ஓவியர்கள் ஐந்து பேர் வெளியேறி 'டியோ விவோ' என்று சொந்த இதழ் தொடங்கினார்கள். பெரிய நிறுவனத்தை எதிர்த்து நிற்க முடியவில்லை, கொஞ்ச காலத்தில் இதழ் புருகெராவின் கைக்கே போய்விட்டது. இந்தத் தோல்வியைத்தான் பாக்கோ ரோக்கா 2010-ல் ஓர் அருமையான நூலாக வரைந்தார். அல்சைமர் வந்த முதியவரைப் பற்றிய அவருடைய 'அர்ரூகாஸ்' 2008-ல் ஸ்பெயினின் தேசிய காமிக் விருது பெற்றது. இரண்டையும் தேடிப் படியுங்கள். ரோக்காவின் கோடு தெளிவும் மென்மையுமாக இருக்கும், முன்னால் சொன்னவர்களின் முரட்டு மைக்கு நேர் எதிர்.

இன்றைய ஆட்களில் ஹுவான்ஹோ குவார்னிதோவை விட்டுவிடாதீர்கள். கிரனாதாக்காரர், பாரிஸில் டிஸ்னி ஸ்டூடியோவில் அனிமேட்டராக இருந்தவர். ஹுவான் தியாஸ் கனாலெஸ் எழுத 2000-ல் வெளிவந்த 'பிளாக்சாட்' ஐம்பதுகளின் அமெரிக்காவில் நடக்கும் துப்பறியும் கதை. பாத்திரங்கள் எல்லாம் விலங்குகள், நாயகன் ஒரு கரும்பூனை. நீர்வண்ணத்தில் அவர் கொண்டுவரும் வெளிச்சத்தைப் பாருங்கள். மார்வெல் வழியாகவே வர வேண்டும் என்றால் டேவிட் ஆஹா 2012-லிருந்து வரைந்த 'ஹாக்-ஐ' இருக்கிறது. ஒரு நாயின் பார்வையிலேயே ஓர் இதழ் முழுக்கச் சொன்னார்கள், வாசனையும் அரைகுறையாகப் புரிந்த பேச்சும் வெறும் குறியீட்டுப் படங்களாக. நீங்கள் அதை ஏற்கனவே படித்து ரசித்திருக்கக் கூடும், வரைந்தவர் ஸ்பானியர் என்று கவனிக்காமல்.

தொடங்க என்ன வழி என்று கேட்டீர்கள். வயதையும் ருசியையும் பொறுத்துச் சொல்கிறேன். வண்ணம் பழகிய கண் என்றால் பிளாக்சாட்டில் ஆரம்பியுங்கள், உடனே பிடித்துவிடும். கருப்பு வெள்ளைக்கு வரத் தயார் என்றால் மாயாவியின் ஆரம்பக் கதைகள், தமிழ் மறுபதிப்பில் கிடைத்தால் விடாதீர்கள். ஆங்கிலத்திலும் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அதன் பிறகு ஓர்டிஸ், அப்புறம் பெர்னெட். பாராகுவெய்யோஸை மட்டும் மனம் லேசாக இருக்கும் ஒரு நாளில் எடுங்கள், ஒரே மூச்சில் படிக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கதைகள் போதும்.

பார்க்கும் விதத்துக்கும் ஒரு யோசனை. பலூன்களை விட்டுவிட்டு முதலில் கருப்பை மட்டும் பாருங்கள். பக்கத்தில் எங்கெல்லாம் மை கெட்டியாக நிரம்பியிருக்கிறது, கண் எங்கிருந்து எங்கே இழுக்கப்படுகிறது என்று. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், நல்ல ஸ்பானிய ஓவியரின் கட்டத்தில் அது எப்போதும் தெரியும். பிறகு கைகளைப் பாருங்கள். அவசரத்தில் வரைகிற ஓவியர்கள் கைகளைச் சட்டைப் பையிலோ மேசைக்குப் பின்னாலோ ஒளித்துவிடுவார்கள். பிளாஸ்கோ, பெர்னெட், ஓர்டிஸ் யாரும் ஒளிப்பதில்லை. இந்த மூவரிடமிருந்து ஒவ்வொரு பக்கம் எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, கையை மட்டும் பார்த்து இது யாருடையது என்று சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு எங்களோடு ஹோல்டவே, ரொமேரோ சண்டைக்கு வரலாம்.